இல்லாத பாட்டும் இருந்த படங்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பழைய படங்களைப் பற்றி எழுதும் தம்பி, கட்டுரையை முடிக்கும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இலங்கையில் தேடிப் பார்க்கும்படியான பழைய தமிழ்ப் படம் எதுவும் இல்லை." அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எங்கே தேடினாராம்? போனில் இரண்டு தட்டுத் தட்டி வராவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா?

இவருடைய தேடலின் லட்சணம் எனக்கு முன்பே தெரியும். சென்ற வருடம் 'அந்த நாள்' பற்றி எழுதியபோது, இணையத்தில் இருக்கும் பிரதியில் பாடல்களை வெட்டிவிட்டார்கள் என்று குறைப்பட்டவர் இவர்தான். 1954இல் எஸ். பாலசந்தர் அந்தப் படத்தை எடுத்ததே பாட்டு இல்லாமல்தான், அதுவும் வீணையில் பேர் வாங்கிய மனிதர் வேண்டுமென்றே பாட்டை விட்டார் என்பதுதானே அதன் விசேஷம், உங்களுக்குத் தெரியாததா? இல்லாத பாட்டைத் தேடியவருக்கு இருந்த படங்கள் கண்ணில் படவில்லை. அதோடு விட்டாரா, அந்தக் கொலைக் கதையில் சுட்டது யார் என்பதையும் இரண்டாவது பந்தியிலேயே போட்டு உடைத்தார். அன்று இரவு பேத்தியோடு அந்தப் படத்தைப் பார்ப்பதாக இருந்தேன். அவள் காலையிலேயே பேப்பரைப் படித்துவிட்டாள். "அம்மப்பா, சுட்டது ஆரெண்டு எனக்குத் தெரியும், நீங்களே இருந்து பாருங்கோ" என்று எழும்பிப் போய்விட்டாள்.

அப்போதும் உங்களுக்கு எழுதினேன். போடவில்லை. சரி, இடமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை அதே பக்கத்தில் அரைப்பக்கத்துக்குக் காணி விற்பனை விளம்பரம் வந்ததையும் பார்த்தேன்.

இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களையே சொல்கிறேன். 1962இல் 'சமுதாயம்' வந்தது, சிறிய 16 மி.மீ. பிலிமில் எடுத்த படம். அடுத்த வருடமே 'தோட்டக்காரி'. 1972இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்த வி.எஸ். துரைராஜா ஒரு கட்டடக் கலைஞர். தர்மசேன பத்திராஜ சிங்களவர், யாழ்ப்பாணத்துக்குப் போய் 1977இல் 'பொன்மணி' எடுத்தார், நம்முடைய சாதியையும் சீதனத்தையும் நாமே தொடத் தயங்கியபோது அவர் தொட்டார். நம் சனம்தான் தியேட்டருக்குப் போகவில்லை. அதில் நானும் சேர்த்தி, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

அடுத்த வருடம் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமாக வந்தபோது அப்பாவோடு கொழும்பிலேயே பார்த்தேன். அப்பாவுக்குப் படத்தைவிடப் பாட்டுப் புத்தகத்தில்தான் கண். எந்தப் படத்துக்குப் போனாலும் வாசலில் ஒன்று வாங்கி, வியர்வைக் கையால் தொட்டால் மை ஒட்டும் என்று கைலேஞ்சியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். கட்டிலுக்குக் கீழே ஒரு தகர ட்ரங்குப் பெட்டி நிறைய இருந்தன, வேப்பிலை போட்டு வைத்திருப்பார்.

1983 ஜூலைக் கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் படங்கள் தயாரான விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். அதே கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீடும் போனது. அகதி முகாமிலிருந்து திரும்பிவந்து பார்த்தபோது பெட்டி அந்த இடத்திலேயே இருந்தது, மூடிகூடத் திறபடவில்லை. உள்ளே புத்தகங்கள் அடுக்கு அடுக்காக அப்படியே கறுத்து நின்றன. அப்பா ஒன்றை எடுக்கப் பார்த்தார், விரல் பட்டதும் பொடியாகிவிட்டது. இல்லை என்பதும் எரிந்துபோனது என்பதும் ஒன்றா, ஆசிரியரே? தம்பிக்கு வயது போதாது, அவரை விட்டுவிடலாம். அச்சுக்குப் போகுமுன் அந்த வரியைப் படித்த உங்களுக்குமா தெரியாது?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் வெளிவந்த ஆண்டையும், தம்பி பார்த்த பிரதி எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் ஒரு வரியில் போடச் சொல்லுங்கள். முடிந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் போடுங்கள், கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

இப்படிக்கு,
தொடர்ந்து காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.