டிராகனைக் கொல்ல உதவிய எல்லோருக்கும்

மொட்டை மாடி கொடுத்த வீட்டுக்கார அக்காவுக்கும், ஆயாவுக்கும், ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், பகடை கொடுத்த எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும், கூத்து வாத்தியாருக்கும், ஒகேனக்கல் பரிசல் அண்ணனுக்கும், கிருஷ்ணகிரி மாந்தோப்பு ஐயாவுக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமையோடு எங்கள் கதை முடிந்தது. டிராகன் செத்துவிட்டது. ஊருக்குச் சேதம் இல்லை. தண்ணீர்த் தொட்டி மூடி மட்டும் லேசாக நெளிந்திருக்கிறது. டிராகன் விழுந்த சந்தோஷத்தில் எங்கள் காட்டுமிராண்டி அந்த மூடிமேல் ஏறிக் குதித்தார். அவரே வந்து அக்காவிடம் பேசிக்கொள்வார்.

உங்களில் பாதிப் பேருக்கு நாங்கள் மாடியில் என்னதான் செய்துகொண்டிருந்தோம் என்று இன்னும் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்தும் நம்பிக்கை வரவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆட்டத்தின் பெயர். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதை சொல்வார். அந்த ஒருவர் நான், குழுவில் எனக்கு டி.எம்., அதாவது டன்ஜன் மாஸ்டர், என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் புகுந்து, நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியதைக் கால் மணி நேரத்தில் கெடுப்பார்கள். மதில் ஏறுகிறேன் என்றால் ஏறிவிட முடியாது. இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், அது சொன்னால்தான் ஏற முடியும். இவ்வளவுதான் ஆட்டம். இதற்குப் போய் இத்தனை பேரைத் தொந்தரவு செய்திருக்கிறோம். அதிலும் ஒரு வேடிக்கை, இந்த ஆட்டம் தெரிந்த ஒருத்தர்கூட எங்களுக்கு உதவிக்கு வரவில்லை. தெரியாத நீங்கள்தான் நடத்திக் கொடுத்தீர்கள்.

முதல் நன்றி கூரியர் தம்பிக்கு. பகடைப் பெட்டி வந்த அன்று பார்சலைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உள்ள என்னமோ உடைஞ்சிருக்கு. என் முன்னாடியே பிரிச்சிப் பாருங்க, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிரித்ததும் நாலு முகம், ஆறு முகம், எட்டு முகம் என்று ஏழு பகடைகள் உருண்டன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "முழுசாத்தான் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இன்றுவரை அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்று நினைக்கிறேன்.

ஜெராக்ஸ் கடை அண்ணா, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், தமிழிலும் போடலாம். அந்தத் தைரியத்தில்தான் கட்டுக் கட்டாகத் தாளைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் போட்டேன். ஆட்டக்காரர்களின் விவரத்தாளைப் பார்த்ததும் நீங்கள் கேட்டீர்களே, "கட்டம் கட்டமா நம்பர் போட்டிருக்கு, ஜாதகமா? பொண்ணு யாரு, பையன் யாரு?" என்று. நான் விளக்கம் சொல்லச் சொல்ல, நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "பலம் 18, அறிவு 8. பையனுக்கு அறிவு எட்டுதானா? அப்போ சரியாத்தான் கணிச்சிருக்காங்க" என்றீர்கள். அது பையன் அல்ல, அரசு மருத்துவமனை ஒன்றில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் அக்கா. அவர்தான் எங்கள் காட்டுமிராண்டி. நீங்கள் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஊசி போட வேண்டிய நாள் ஒன்று உங்களுக்கும் வரும் என்று சொல்லச் சொன்னார்.

குழுவைப் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் திருடன் வங்கியில் காசாளர். "வேலை நாள்ல எண்ணிக் கொடுக்கிறேன், ஞாயித்துக்கிழமையாவது எடுத்துக்கிறேனே" என்பது அவர் கொள்கை. எங்கள் பூசாரி பரம்பரைக் கருப்புச் சட்டை. அடிபட்டவர்களைக் குணமாக்க வேண்டுமென்றால் தெய்வத்தை வேண்ட வேண்டும் என்று விதியில் இருக்கிறது, அவர் கடைசிவரை எந்தச் சாமி பெயரையும் சொல்லவில்லை. "மஞ்சப்பத்து போட்டேன், ஆறு புள்ளி ஏத்திக்கோ" என்பார். நானும் விட்டுவிட்டேன். மந்திரவாதி பள்ளியில் இயற்பியல் வாத்தியார். நர்ஸ் அக்காவுக்கு வந்த கஷ்டம் வேறு. இந்த ஆட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே சாக மாட்டார். தன் முறை வரும்போதெல்லாம் ஒரு பகடை உருட்டுவார், பத்துக்குக் கீழே மூன்று முறை விழுந்தால் போய்ச் சேர்ந்தார். முதல்முறை திருடன் விழுந்து கிடந்தபோது மந்திரவாதி தன் முறையில் சாவகாசமாக மந்திரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தே விட்டார். "மனுசன் கீழ கெடக்கான், பக்கத்தைப் புரட்டிக்கினு இருக்கீங்க! முதல்ல அவனைப் பாருங்க சார்!"

இதில் திருடனும் மந்திரவாதியும் கிருஷ்ணகிரிக்காரர்கள், மற்ற மூவரும் தருமபுரி. 2004 பிப்ரவரி 9-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து பாக்கி இருக்கும் சண்டைகளையெல்லாம் எங்கள் மாடியில்தான் தீர்த்துக்கொண்டோம். யாருக்கு மாம்பழம், யாருக்கு அருவி, யார் ஊர் பஸ் ஸ்டாண்டில் டீ நன்றாக இருக்கும். ஞாயிறு ஞாயிறு பஸ் ஏறி வந்தவர்கள் அவர்கள்தான் என்பதையும், வரும்போது காவேரிப்பட்டணத்தில் இறங்கி நிப்பட்டு வாங்கி வந்தார்கள் என்பதையும் தருமபுரித் தரப்பு இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது.

வீட்டுக்கார அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வத்தல் காயாத நேரத்தில் மாடி எங்களுடையது என்றீர்கள். அது போதும் என்று இருந்தோம். சண்டைக் காட்சிக்குத் தரையில் கட்டம் வேண்டும், ஒரு கட்டத்துக்கு ஐந்தடி கணக்கு. நான் ஸ்கேலையும் சாக்பீஸையும் வைத்துக்கொண்டு தவழ்ந்துகொண்டிருந்தபோது, துணி எடுக்க வந்த நீங்கள் ஒரு நிமிடம் பார்த்தீர்கள். "தள்ளுப்பா" என்று கோலமாவு டப்பாவோடு குனிந்தீர்கள். இருபதுக்கு இருபது புள்ளி. ஒரு புள்ளிகூட வரிசை தப்பவில்லை. "குகை எங்க வரணும்? வாசல் எந்தத் திசை?" என்று கேட்டுக் கேட்டுச் சுவர் இழுத்தீர்கள். வாசல் வடக்கு பார்த்து இருந்தால் பூதம் தங்காது, தெற்கே வை என்று யோசனையும் சொன்னீர்கள். நல்ல பச்சரிசி மாவு என்பதால் அரை மணியில் எறும்பு வந்துவிட்டது. அதையும் கதையில் சேர்த்தேன். கோட்டையின் கிழக்குச் சுவரை ராட்சத எறும்புகள் தின்கின்றன என்று அறிவித்ததும் பூசாரி நிஜமாகவே பயந்துபோனார். நான் எழுதி வைத்திருந்த எந்தப் பூதத்துக்கும் அவர் அப்படிப் பயந்ததில்லை.

எதிர்வீட்டுப் பிள்ளைகளே, தீக்கோள மந்திரத்துக்கு ஆறுமுகப் பகடை எட்டு வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒன்றையே எட்டுத் தடவை உருட்டலாம்தான், ஆனால் எங்கள் மந்திரவாதி, அந்த இயற்பியல் வாத்தியார், ஒத்துக்கொள்ளவில்லை. எட்டையும் ஒரே கையில் குலுக்கிப் போடாவிட்டால் அது தீக்கோளமே இல்லை என்றார். நீங்கள் தெரு முழுக்க ஓடி லூடோ டப்பாக்களைத் திறந்து ஏழு கொண்டுவந்தீர்கள். சிவப்பு ஒன்று, மஞ்சள் இரண்டு, நாய் கடித்த தடத்தோடு ஒன்று, புள்ளி அழிந்துபோய் மூன்றா ஐந்தா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியது ஒன்று. விழுந்த கூட்டுத்தொகை 34. தீக்கோளத்தின் ஆரம் இருபதடி, அதாவது கோலத்தில் நாலு கட்டம். குகைக்குள் போட்டால் நெருப்பு மூலை திரும்பியும் பரவும் என்று விதி சொல்கிறது. வாத்தியார் 33,510 கன அடி என்று கன அளவெல்லாம் போட்டுக் காட்டிவிட்டு, நம்ம ஆட்கள் பக்கம் வராது என்று சத்தியம் செய்தார். வந்தது. திருடனுக்குப் புருவம் போனது, பூசாரிக்கு வேட்டி போனது. குழந்தைகள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குத் தனியாக நன்றி.

கூத்து வாத்தியாரிடம் நான் போனது குரலுக்காக. அரக்கன் பேசினாலும், டீக்கடைக்காரன் பேசினாலும், ராணி பேசினாலும் என் வாயிலிருந்து ஒரே குரல் வருகிறது என்று குழுவில் கேலி. அவர் குரல் எதுவும் சொல்லித்தரவில்லை. "வேசக்காரனை உடனே காட்டாதடா. திரையைப் பிடி. முதல்ல கால் தெரியணும், கிரீடம் தெரியணும், ஜனங்க யாரு யாருன்னு கேக்கணும். அப்புறம் திரையை எடு" என்றார். அடுத்த வாரமே என் வில்லன் வேட்டிக்குப் பின்னால் இருந்து வந்தான். இருபுறமும் வேட்டியைப் பிடித்து நின்ற திருடனும் பூசாரியும் தங்கள் எதிரிக்குத் தாங்களே திரை பிடிக்கிறோம் என்று பாதியில்தான் உணர்ந்தார்கள். ஒருநாள் வாத்தியார் மாடிக்கே வந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். "பாரதமே பதினெட்டு நாள்ல முடிஞ்சிடுது. நீங்க எப்பப்பா படுகளம் போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

பரிசல் அண்ணனுக்கு: ஆற்றுச் சண்டையில் எதிரி பரிசலின் முன்பக்கம் தாக்குகிறானா, பின்பக்கமா என்று எங்களுக்குள் பெரிய வழக்கு. உங்களிடம் கேட்டதற்கு, "பரிசலுக்கு ஏதுங்க முன்ன பின்ன? துடுப்பு எங்க இருக்கோ அதான் முன்ன" என்றீர்கள். அதையே விதியாக எழுதிக்கொண்டோம். துடுப்பைப் பிடுங்கியவன் பக்கம் முன்பக்கம்.

நடுகல்லைப் படம் வரைய அருங்காட்சியகத்தில் கால் மாற்றி மாற்றி நின்றபோது ஒன்றும் கேட்காமல் ஸ்டூல் எடுத்துப் போட்ட பெரியவருக்கும் நன்றி. நீங்கள் காட்டிய அந்த வில் வீரன்தான் எங்கள் கதையில் ராத்திரியில் கல்லை விட்டு இறங்கி வந்து வழி சொன்னான்.

கதையின் பொக்கிஷம் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தகடூர் நாடு, மலைமேல் கோட்டை, கோட்டைக்குள் டிராகன், டிராகனின் காலடியில் ஒரே ஒரு நெல்லிக்கனி. தின்றால் நீண்ட ஆயுள். அதியமான் அதை என்ன செய்தான் என்று ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வாங்கிக்கொண்ட ஔவையார் பாடியது புறநானூற்றில் 91-ஆம் பாட்டு. என்னைக் கேட்டால் இந்த மண்ணின் முதல் நன்றி மடலே அதுதான். அதனால் கனி கையில் கிடைத்ததும் இவர்களும் யாருக்காவது கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து, ஒரு வயதான பாடினியை வாசலில் தயாராக உட்கார வைத்திருந்தேன். அவளுக்கு நாலு வரி வசனம்கூட எழுதியிருந்தேன். திருடன் கனியை எடுத்தார், பார்த்தார், "தின்னுட்டேன்" என்றார். மாடியில் அரை நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் பூசாரி, "அதியமான் மண்ணுல நின்னுக்கினு இப்படிச் செய்யலாமாடா?" என்றார். "நான் கிருஷ்ணகிரிண்ணா" என்றார் திருடன்.

இனி ஆயா. நிழலில் தொட்டியோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் ஆட்டத்தில் இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் அதைவிடக் கேடு இல்லை. வாள் நழுவும், காலில் விழும். ஆயாவுக்கோ ஒன்று விழுந்தால் தாயம், தாயம் விழாமல் காயே உள்ளே இறங்காது. யாருக்கு ஒன்று விழுந்தாலும் "தாயம்டா! தாயம்! இன்னொண்ணு போடு!" என்று கைதட்டுவார். தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்து, விழுந்ததற்கு ஏன் அழுகிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். இயற்பியல் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, தாயக்கட்டை இரண்டில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு, எங்கள் பகடையில் ஒன்று விழ இருபதில் ஒரு வாய்ப்பு, இரண்டும் வேறு வேறு என்று பொறுமையாக விளக்கினார். ஆயா கேட்டுவிட்டு, "அப்போ உன் கட்டை சரியில்ல" என்றார்.

கடைசியில் ஆயாவுக்கென்றே ஒரு விதி போட்டோம். ஆயா மாடியில் இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒன்று விழுந்தால் தாயம், மறுபடி உருட்டலாம். ஞாயிற்றுக்கிழமை டிராகனுக்கு ஒரே ஒரு அடிதான் பாக்கி. நர்ஸ் அக்கா உருட்டினார். ஒன்று. ஆயா கத்தியது கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். மறுபடி உருட்டினார், பதினாலு. போதும், விழுந்தது.

விழுந்த டிராகன் கிருஷ்ணகிரித் தோப்பிலிருந்து வந்த பெங்களூரா மாங்காய். அந்தக் கிளிமூக்கைப் பார்த்தால் வேறு எதையும் டிராகனாக வைக்க மனசு வராது. அதுவரை குட்டிப் பூதங்களுக்கு வேர்க்கடலை வைத்து ஆடினோம், கொன்றவர் தின்னலாம் என்று விதி. அதே விதிப்படி டிராகனையும் அறுத்து உப்பு மிளகாய்த்தூள் தொட்டு ஆளுக்கொரு கீற்று எடுத்தோம். தோப்பு ஐயா, மகனிடம் கொடுத்தனுப்பிய பையில் இன்னும் மூன்று டிராகன் இருக்கிறது, நன்றி.

அடுத்த கதை ஆடி கழிந்து ஆரம்பிக்கும். ஆயா தனக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்கிறார், என்ன வேஷம் என்று கேட்டதற்கு "டிராகன்" என்கிறார்.

இப்படிக்கு,
மாடி டி.எம்., தருமபுரி

பி.கு.: எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு லூடோ பகடை ஆறு திருப்பிக் கொடுத்தாயிற்று. மஞ்சளில் ஒன்று குறைகிறது. திருடன் தன்னிடம் இல்லை என்கிறார்.