‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

என் அம்மா நான்கு ஆண்டுகளாக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சாப்பிட்டு வந்தார். மூட்டுவலி மாத்திரையோடு சேர்த்து எழுதிக் கொடுத்தது. இரவு சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படுக்கப் போகும்போது ஒன்று. முழு காப்ஸ்யூல் தொண்டையில் நிற்கிறது என்பதால் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருணையைக் கரண்டியில் கொட்டி, நன்றாக மென்று விழுங்குவார். சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்றுதான் எழுதியிருந்தது. ஏன் முன் என்று யாரும் சொல்லவில்லை. முன்னே என்ன, பின்னே என்ன, வயிற்றுக்குள்தானே போகிறது என்று இருந்துவிட்டார்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அம்மாவுக்குப் புண் வந்து ரத்தம் கசிந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் பம்புகள் சும்மா இருக்கும் நேரத்தில் செல்லுக்குள்ளேயே சின்னச் சின்னப் பைகளில் சுருண்டு கிடக்கின்றன. சாப்பாட்டு வாசனை வந்தாலே போதும், நரம்பு வழியாக ஒரு சேதி போகிறது. உணவு உள்ளே இறங்கியதும் காஸ்ட்ரின், ஹிஸ்டமின் என்று மற்ற சேதிகளும் சேர்ந்துகொள்கின்றன. உடனே அந்தப் பைகள் செல்லின் விளிம்புக்கு வந்து ஒட்ட, பம்புகள் ஓட ஆரம்பிக்கின்றன. ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுவதுதான் வேலை. ரத்தத்தோடு ஒப்பிட்டால் வெளியே ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து லட்சம் மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. இப்படி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் இரைப்பை நீர். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு வயிறு தன்னைத்தானே செரித்துவிடாமல் இருப்பதே பெரிய விஷயம்.

ஒமெப்ரசோல் வயிற்றில் நேராக வேலை செய்வதில்லை என்பது எனக்கே புதுச் செய்தி. அது இரைப்பையைத் தாண்டி, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் சுற்றி, அந்தச் செல்லுக்குத் திரும்பி வருகிறது. அங்கே அமிலம் பட்டதும்தான் உயிர் பெற்று, ஓடிக்கொண்டிருக்கும் பம்பைப் பூட்டுகிறது. தூங்கும் பம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ரத்தத்தில் சில மணி நேரத்துக்கு மேல் அது தங்குவதும் இல்லை. அம்மாவோ பம்பெல்லாம் ஓடி முடித்துப் படுக்கப் போகும் நேரத்தில் அதை உள்ளே அனுப்பினார். குருணையின் மேல் பூச்சு இருப்பதே இரைப்பையை உயிரோடு கடப்பதற்காக. அதையும் மென்று உடைத்துவிட்டார். அமிலத்தை அடக்க வந்த மருந்தை அமிலமே தின்றுவிட்டது.

உங்கள் அறைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் பாடமாக நடத்தச் சொல்லவில்லை. “மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது மருந்து அங்கே போய் நிற்கணும்மா, அதனால் காலையில் சாப்பிட அரை மணி நேரம் முன்னாடி போடு, திறந்துகூட விழுங்கலாம், மெல்லாதே” என்று நான் சொன்னேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் தப்பாகப் போடவில்லை.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வயிற்றுச் சுவரைக் காக்கும் சளிப் படலத்தைப் பேணுவது உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலி மாத்திரை அதன் உற்பத்தியையே குறைக்கிறது. இது ரத்தம் வழியாக நடப்பதால் ஊசியாகப் போட்டாலும் தப்பிக்க முடியாது. அம்மா நடுநடுவே ஊசி போட்டுக்கொண்டதே “வயிற்றுக்குப் போகாதே” என்ற தைரியத்தில்தான்.

மலம் கறுப்பாகப் போனபோது அவர் பயப்படவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும் என்று முன்பு ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது ரத்தம் என்ற மறுபாதியை யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண். எடுத்த திசுவில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி.

1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் விட்டுவைத்த ஆய்வகத் தட்டில்தான் இந்தக் கிருமி முதன்முதலாக வளர்ந்ததாம். அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான மருத்துவர் மார்ஷல், அது வயிற்றைக் கெடுக்கிறதா என்று பார்க்க 1984-இல் அதைக் கரைத்துத் தானே குடித்தார். அவருக்கும் இன்னொருவரான வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இருந்தும் அம்மாவைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் “கவலைப்படாதே, காரம் சாப்பிடாதே” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களை விடுங்கள், உங்களில் ஒருவரும் அதையே சொன்னார்.

சரி, கிருமிக்கு 14 நாள், நான்கு மருந்து. அதில் ஒன்று பிஸ்மத். மூன்றாம் நாள் மலம் மறுபடி கறுத்தது. இந்த முறை அம்மா நடுங்கிப் போய் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார். பிஸ்மத் கறுக்கவைக்கும், அது ரத்தம் இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படவில்லை, பயப்படத் தேவையில்லாத நேரத்தில் பயந்தார். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலிலிருந்து தொடங்கினோம். முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் போனால், ஒமெப்ரசோலை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டுமே என்று திருப்பி அனுப்பினார்கள். அதையும் யாரும் சொல்லவில்லை.

எதுவரைக்கும் போடுவது என்ற கேள்விக்கும் பதில் இல்லை. புண் ஆறி, கிருமி போய், வலி மாத்திரையையும் விட்ட பிறகு காப்ஸ்யூலை நிறுத்தினோம். ஒரே வாரத்தில் நெஞ்செரிச்சல். “பார்த்தியா, அல்சர் திரும்பிடுச்சு” என்றார் அம்மா. வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் இதே வகை மருந்தைக் கொடுத்து நிறுத்திப் பார்த்த டென்மார்க் ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. 100 பேரில் 40-க்கும் மேற்பட்டவர்களுக்கு எரிச்சல் வந்தது. அடக்கிவைத்த காலத்தில் ஏறிய காஸ்ட்ரின், பூட்டு விலகியதும் அமிலத்தை அதிகமாகச் சுரக்கவைக்கிறது. சில வாரங்களில் தானே தணியும். இது முன்பே தெரிந்திருந்தால் அம்மா மறுபடியும் காப்ஸ்யூலைக் கையில் எடுத்திருக்க மாட்டார். ஆஸ்பிரின் போன்றவற்றை நிறுத்தவே முடியாதவர்களுக்கு இந்த மருந்து தொடர்ந்து தேவைப்படலாம். அவர்களிடம் அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என் கடிதத்தைப் படித்துவிட்டு அவர்கள் நிறுத்திவிடப் போகிறார்கள்.

எதற்கு, எப்போது, எதுவரை. சீட்டில் இந்த மூன்றும் வேண்டும். கடைசியாக அம்மாவைப் பார்த்த இளம் மருத்துவர் காப்ஸ்யூலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தேதி போட்டு, ‘இத்துடன் நிறுத்தவும், இரண்டு மூன்று வாரம் எரியலாம்’ என்று எழுதிக் கொடுத்தார். எரிந்தது. அம்மா சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்