கடைசியாக வரும் மாட்டுக்கும் ஒரு தொட்டித் தண்ணீர்

செட்டிநாட்டு ஊர்களில் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்தும் விழாக் குழுவினர் அனைவருக்கும், காரைக்குடிப் பக்கத்தில் பந்தயம் பார்த்தே வளர்ந்தவனின் வணக்கம்.

போன வாரம் சீபிஸ்கட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையின் உண்மைக் கதையைப் படித்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. 1933இல் பிறந்த குதிரை அது. குட்டை உருவம், முட்டி புடைத்த கால். முதல் 17 பந்தயத்திலும் தோல்வி. இரண்டு வயதிலேயே 35 தடவை ஓடவிட்டிருக்கிறார்கள், பாவம். 1936இல் சார்லஸ் ஹோவர்டு அதை வாங்கி, டாம் ஸ்மித் என்ற பயிற்சியாளரிடம் ஒப்படைத்தபோது, தீனி எடுக்காமல் லாயத்துக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்ததாம்.

ஸ்மித் அதை அடித்துப் பழக்கவில்லை. வேண்டுமட்டும் தூங்கவிட்டார். நடுத்தடுப்பை எடுத்துவிட்டு, பம்ப்கின் என்ற சாதுவான குதிரையைத் துணைக்குக் கட்டினார். எங்கிருந்தோ வந்த நாய் ஒன்றும் ஒரு குரங்கும்கூட அதே லாயத்தில்தான் படுத்தன. அந்தக் குதிரைதான் 1938 நவம்பர் 1 அன்று, அப்போது பெரும்பேர் எடுத்திருந்த வார் அட்மிரல் என்ற குதிரையை நான்கு குதிரை நீளம் பின்னால் விட்டது. வழக்கமாக ஓட்டும் ரெட் போலார்டுக்கு ஒரு கண் தெரியாது. அன்று அவர் கால் முறிந்து கிடந்தார். பிறகு குதிரைக்கும் காலில் அடிபட்டது. இருவரும் தேறி வந்து 1940இல் சாண்டா அனிட்டா பந்தயத்தில் ஜெயித்த இடத்தைப் படிக்கும்போது அழுதுவிட்டேன்.

அழுகைக்கு நடுவே ஞாபகத்துக்கு வந்தது, போன மாசியில் நான் பார்த்த பூஞ்சிட்டு என்கிற சின்ன மாட்டுப் பிரிவில் ஓடிய ஒரு மாடு. கடைசி வண்டி. புளியமரத்தடியில் அவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். வாயெல்லாம் நுரை. வால் நுனியில், வேகம் கூட்டக் கடித்ததில் பல் பதிந்த காயம், அதில் ஈ. பின்தொடையில் தார்க்குச்சி குத்திய புள்ளி புள்ளியான ரத்தம். ஓட்டி வந்த பையன் தன் துண்டை நனைத்து அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். “இது தேறாது, சந்தைக்கு ஏத்திவிட வேண்டியதுதான்” என்றார் பக்கத்தில் நின்றவர். அது இன்னும் பல் போடாத கன்று.

ஐயா, பந்தயத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது நம் உயிர். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் நம் ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்னபோது வெடி போட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் புரவி எடுப்பில் மண்குதிரைக்கே மாலை போட்டு, தோளில் சுமந்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோகிற ஊர்க்காரர்கள் நாம். உயிருள்ள கன்றின் வாலைக் கடிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்?

அடுத்த பந்தய நோட்டீசில் ஒரு வரி சேருங்கள்: வாலைக் கடித்தாலும் தார்க்குச்சி எடுத்தாலும் அந்த வண்டிக்குப் பரிசு கிடையாது. கடைசி ஜோடி வந்து சேரும்வரை கால்நடை மருத்துவர் எல்லையிலேயே இருக்கட்டும். அங்கே வைக்க வேண்டிய தண்ணீர்த் தொட்டியும் இரண்டு கட்டு வைக்கோலும் என் செலவு. எந்த ஊர் என்று சொல்லி அனுப்புங்கள், முதல் நாளே கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்.