செயலாளரின் ஆண்டறிக்கை: ஈறு நலக் கூட்டம்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, யாங்கோன் வட்டார உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஈறு நலக் கூட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் கூன்யா, அதாவது புகையிலை வைத்து மடித்த வெற்றிலை, போடாத பெரியவர்கள் குறைவு. புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில் ஈறு விலகி, பல்லின் வேர் வெளியே தெரிகிறது. தண்ணீர் பட்டாலே கூசுகிறது. மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து அந்த வேரை மூடலாம் என்று மருத்துவர் சொன்னதும் ஓர் அம்மா, "மேல்வாயை அறுத்தா நான் எப்படிச் சாப்பிடுறது?" என்று கேட்டார். எல்லார் மனத்திலும் இருந்த பயம் அதுதான்.

பழைய முறையில் மேல்தோலோடு சீவி எடுப்பார்கள். அந்தப் புண் திறந்தே கிடக்கும், ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஈடெல் என்பவர் 1974இல் விவரித்த முறையில் அண்ணத்தின் தோலைக் கதவுபோல் திறப்பார்கள்; இதைத்தான் ஃபிளாப் என்கிறார்கள். அடியிலுள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுத்துவிட்டு, கதவை மூடித் தைத்துவிடுவார்கள். 1999இல் ஹூர்ட்ஸெலர், வெங் என்ற இருவர் ஒரே கீறலில் இதைச் செய்யும் வழியை எழுதினார்கள். சொந்தத் தோலே புண்ணை மூடுவதால் வலி குறைவு. ஆனால் ஃபிளாப் ரொம்ப மெலிந்துவிட்டால் ரத்த ஓட்டம் கிடைக்காமல் அழுகிவிடும், அதனால் கைப்பழக்கம் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

திசு எடுப்பது பெரும்பாலும் கோரைப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில். அண்ணத்தின் பெரிய ரத்தக்குழாய் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. தட்டையான அண்ணமாக இருந்தால் பல்லின் கழுத்திலிருந்து சுமார் 7 மில்லிமீட்டரிலேயே அது வந்துவிடும். உயர்ந்த அண்ணத்தில் சுமார் 17 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அளந்து பார்க்காமல் கத்தியை எடுப்பவரிடம் நம் ஆட்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது என் கருத்து.

புகையிலையை விடாவிட்டால் ஒட்டிய ஈறும் நிலைக்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேள்வி கேட்ட அந்த அம்மா அப்புறம் புகையிலையை விட்டுவிட்டார். சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று; துணைக்கு மகளிர் குழுவிலிருந்து ஒருவர் போகிறார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கூட்டத்தை நடத்தப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்