முதலில் சொன்ன நாட்டுக்கு முதலில் கொடுங்கள்

உலக சுகாதார சபையில் அமரும் அரசுப் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். அடுத்த வைரஸ் வரும்போது அதை முதலில் கண்டுபிடிக்கும் நாடு வாயைத் திறக்குமா? கொரோனாவின் புதிய திரிபான (உருமாறிய வைரஸான) ஒமிக்ரான் வந்த சமயத்தில் நீங்கள் நடந்துகொண்டதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்கா 2021 நவம்பர் 24 அன்று அந்தப் புதிய திரிபைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. மறுநாள் மாலையே பிரிட்டன் தென்னாப்பிரிக்காவையும் அந்தப் பகுதியின் வேறு ஐந்து நாடுகளையும் சிவப்புப் பட்டியலில், அதாவது பயணக் கட்டுப்பாடு விதிக்கும் நாடுகளின் பட்டியலில், சேர்ப்பதாக அறிவித்தது. 29ஆம் தேதி முதல் அமெரிக்கா எட்டு நாடுகளிலிருந்து வருவோருக்குத் தடை போட்டது. அமெரிக்கக் குடிமக்களுக்கோ அந்தத் தடை இல்லை! நெதர்லாந்திலோ நவம்பர் 19 அன்றே எடுத்த மாதிரியில் ஒமிக்ரான் இருந்தது பிறகு தெரியவந்தது. அந்த நாடு அமெரிக்காவின் தடைப் பட்டியலில் ஏறவே இல்லை. இதற்கிடையில், விமானங்கள் நின்றால் மரபணுப் பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனங்கள் வந்து சேராது என்று தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கதறிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே தமிழ்நாட்டில் முதல் ஒமிக்ரான் தொற்று டிசம்பர் 15 அன்று உறுதியானது. வந்தவர் நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாக வந்த பயணி. இந்திய அரசின் 'ஆபத்து நாடுகள்' பட்டியலில் அப்போது நைஜீரியா இல்லை.

எல்லையை மூடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்து 2020 மார்ச்சில் மூடியது. ஆனால் நாடு திரும்பிய சொந்த மக்களையும் 14 நாள் தனிமையில் வைத்தது. அப்படிக் கிடைத்த அவகாசத்தில், பெருந்தொற்று உள்ளே பெரிய அளவில் பரவுமுன் பெரும்பாலானோருக்கு ஊசியும் போட்டு முடித்தது.

தடுப்பூசிக் கதை இதைவிட மோசம். ஒமிக்ரான் வந்தபோது ஆப்பிரிக்காவில் நூற்றில் பத்துப் பேருக்குக்கூட முழுத் தவணை கிடைத்திருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஆஸ்பென் ஆலையில் குப்பியில் அடைத்த ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசி அதே ஆண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலோ விமானமோ ஏறிப் போனது. எங்கள் நாட்டையும் விட்டுவிட முடியாது. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் சர்வதேச ஏற்பாடான கோவேக்ஸ் திட்டம் புனே சீரம் நிறுவனத்தைத்தான் பெரிதாக நம்பியிருந்தது. டெல்டா அலை வந்ததும் இந்தியா மாதக்கணக்கில் ஏற்றுமதியை நிறுத்தியது. உள்ளூரில் சுடுகாடுகள் நிரம்பிய நேரம், காரணம் புரிகிறது. அதற்கான விலையை ஆப்பிரிக்கா கொடுத்தது.

சர்வதேச சுகாதார விதிகளின் 43ஆம் பிரிவுப்படி, இப்படிப் பயணத் தடை போடும் நாடு 48 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்திடம் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 2025 மே மாதம் நீங்கள் ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம், பெருந்தொற்று நேரத்தில் திட்டத்தில் பங்கேற்கும் நிறுவனங்கள் தடுப்பூசி, மருந்து போன்றவற்றின் உற்பத்தியில் 20 சதவீதத்தை இலக்காக வைத்து உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்யச் சொல்கிறது. சரி, நல்லது. அந்த ஒதுக்கீட்டில் திரிபை முதலில் அறிவித்த நாட்டுக்கு முதல் பங்கு என்று எழுதுங்கள். தடை போடும் நாடு அது முடியும் தேதியையும் சேர்த்தே அறிவிக்கட்டும். ஆய்வகப் பொருள் ஏற்றிய விமானத்தை எந்தத் தடையும் நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடிமகன்