கரடிப்பூண்டும் கண்வலிக்கிழங்கும்

வியன்னா
மே 3

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மகள் நலம், பேரன் நலம், என் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நேற்று நடந்ததை உன்னிடம் சொன்னால்தான் அதன் முழுக் கனமும் தெரியும் என்பதால் இன்றே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். 12 நாளில் 7 ஊர் என்று மாப்பிள்ளை ஓர் அட்டவணையை அச்சடித்தே கொண்டுவந்து நீட்டினார். பாரிசுக்கு ஒன்றரை நாள்! காசி யாத்திரையில் பஸ் சீட்டின் முதுகைத்தான் தரிசித்தேன் என்றானே நம் சின்னச்சாமி, அதுதான் நினைவுக்கு வந்தது. முடியாது என்றுவிட்டேன். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ அந்த ஏழு ஊர்ப் பணமும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

மார்ச்சிலிருந்து தினமும் நடைதான். டி டிராமில் ஏறி, கடைசி நிறுத்தமான நுஸ்டார்ஃபில் இறங்கினால் நகரசபையின் முதலாம் எண் நடைவழி தொடங்குகிறது. 11 கிலோமீட்டர். முதலில் ஓடைக்கரை, அப்புறம் திராட்சைத் தோட்டங்கள், அப்புறம் காடு, மேலே 484 மீட்டரில் காலன்பெர்க் உச்சி. கீழே டான்யூப் தெரியும். இத்தனையும் நகர எல்லைக்குள்ளேயே! 2012இல் டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்த ஆண்டுச் சீட்டை 365 யூரோவாக, அதாவது நாளுக்கு ஒரு யூரோவாகக் குறைத்தார்களாம். இப்போது ஏற்றிவிட்டார்கள் என்று மகள் முணுமுணுக்கிறாள். என் செலவு, பையில் தயிர்சாதம், நார்த்தங்காய், ஒரு காலி பாட்டில். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். தெருக்குழாயில் பிடித்துக் குடித்தால் சிறுவாணி தோற்றுவிடும். கோயம்புத்தூர்க்காரர்களிடம் சொல்லிவிடாதே.

இந்தக் காட்டையே 1870 வாக்கில் அரசாங்கம் மரவியாபாரிகளுக்கு விற்கப் பார்த்ததாம். யோசெப் ஷோஃபெல் என்ற ஒரு மனிதர் பத்திரிகையில் எழுதி எழுதியே தடுத்துவிட்டார். கலெக்டருக்கு நீ போடும் மனுக்களை இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

இப்போது நேற்றைய கதை. ஏப்ரலில் இந்தக் காட்டுக்குள் நுழைந்தால் குப்பென்று பூண்டு வாசம் அடிக்கும். பீச் என்ற இந்தக் காட்டு மரங்கள் துளிர்த்து நிழல் கட்டுவதற்கு முன்பே, தரையில் விழும் வெயிலை எல்லாம் வாரிக்கொண்டு ஓர் இலை பாய் விரித்ததுபோல் முளைத்துவிடுகிறது. இவர்கள் வைத்திருக்கும் பெயருக்குக் கரடிப்பூண்டு என்று பொருள் சொல்லலாம். ஊரே பறித்துக்கொண்டு போய்ச் சூப் வைக்கிறது. நம் வீட்டில் துவையல். நேற்றும் ஒரு பை நிறையப் பறித்தேன். காட்டில் மட்டும் பறித்திருக்கலாம். வரும் வழியில் ஈரப் புல்வெளி ஓரத்திலும் பச்சைப்பசேல் என்று நின்றதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன், பூண்டு வாசம்தான்.

இலைகளை முறத்தில் கொட்டி உன் தங்கச்சி ஆய ஆரம்பித்தாள். சர்க்கரை கடன் வாங்க வந்த எதிர்வீட்டுக் கிழவி முறத்தைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தினாள். நாலைந்து இலைகளை உருவித் தனியே போட்டாள். கரடிப்பூண்டின் ஒவ்வோர் இலைக்கும் மெல்லிய தனிக் காம்பு இருக்கும், இலை துவளும். இவற்றுக்குக் காம்பே இல்லை, விறைப்பாக இருந்தன. நான் முகர்ந்தது இலையை இல்லை, அதுவரை பறித்துக்கொண்டிருந்த என் விரல்களை.

அவள் உருவிப் போட்டது கோல்சிகம் என்ற வேறு செடியின் இலை. அந்தச் செடி வசந்தத்தில் இலை மட்டும் விடும், இலையுதிர்காலத்தில் இலையே இல்லாமல் ஊதாப் பூ மட்டும் பூக்கும். மகள் கைப்பேசியில் தேடி, அதில் இருக்கும் நஞ்சின் பெயரை வாசித்தாள். கோல்சிசின். எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

உன் அய்யன் மூலனூர்த் தோட்டத்தில் கண்வலிக்கிழங்கு போட்டிருந்தபோது, வேலி தாண்டி வந்த வெள்ளாடு அந்தக் கொடியை மேய்ந்துவிட்டுக் கிடந்த கிடை ஞாபகம் இருக்கிறதா? அதே நஞ்சு. கண்வலிக்கிழங்கு என்ற செங்காந்தளும் இந்தச் செடியும் ஒரே குடும்பமாம். கொதிக்க வைத்தாலும் போகாதாம். விதை உடைத்த கையைக் கழுவாமல் சோற்றில் வைத்தால் உன் அய்யன் மண்டையில் குட்டுவாரே, அந்தக் குட்டு ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி நேற்றுத்தான் உறைத்தது. பேரனுக்கும் ஒரு வாய் ஊட்டியிருப்போம், பழனிச்சாமி. ராத்திரி முழுவதும் தூங்கவில்லை.

இன்று காலை மறுபடியும் போனேன், வெறும் கையோடு.

சரசு போன பிறகு நீ வாசலைத் தாண்டுவதே இல்லை என்று முருகேசன் எழுதியிருந்தான். அவன் பேச்சில் பாதியைத் தள்ளினாலும் மீதி பயமாக இருக்கிறது. ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். ஆழியாறு வரைக்கும் பஸ், அப்புறம் நடை. முழங்கால் என்று ஆரம்பிக்காதே. என் முழங்காலுக்கும் உன் வயதுதான்.

அந்த இலையில் ஒன்றை இதில் வைத்து அனுப்பலாம் என்றேன், மகள் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். பின்பக்கம் வரைந்திருக்கிறேன், பார். உன் தோட்டத்துக் கொடியின் இலைபோலவே நீளம், பளபளப்பு. நுனி மட்டும் சுருளவில்லை. சுருண்டிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

அன்புடன்,
ராமசாமி