இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே எவ்வளவு இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை வொர்லியில் பி.டி.டி. சால்களை (பம்பாய் டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட் கட்டிய, ஒற்றை அறை வீடுகள் கொண்ட பழைய குடியிருப்புகளை) இடித்து அடுக்குமாடிகள் கட்டுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 160 சதுர அடி அறையில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்களுக்கு 500 சதுர அடியில், உள்ளேயே கழிப்பறையோடு வீடு கிடைப்பது பெரிய விஷயம். அவர்கள் சந்தோஷத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கட்டுரை முழுக்கச் சதுர அடிக் கணக்குதான். கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

இந்த ஊருக்கு இது பழைய கேள்வி. 1896இல் இங்கே மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்து ஊர் பாதி காலியான பிறகு, 1898இல் ஆங்கிலேய அரசு நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளை ஒழிப்பதாகச் சொல்லி நாக்பாடா போன்ற பகுதிகளை அது இடித்தது. இடித்த அளவுக்குக் கட்டவில்லை. பிழைப்பு பக்கத்தில் இருக்கும்போது ஏழைகள் எங்கே போவார்கள்? அடுத்த தெரு வீடுகளிலேயே இன்னும் நெருக்கிக்கொண்டு குடியேறினார்கள். நெரிசல் இடம் மாறியது, அவ்வளவுதான்.

இருந்தாலும் அந்த டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் (J.P. Orr) என்பவர் வலியுறுத்திய ஒரு விதியை நாம் மறந்திருக்கக் கூடாது. 63½ டிகிரி விதி என்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், எதிரே நிற்கும் கட்டிடத்தின் உயரத்தில் பாதியாவது ஜன்னலுக்கு முன்னால் திறந்தவெளியாக இருக்க வேண்டும். அப்போதுதான் தரைத்தள அறைக்கும் வானம் தெரியும். டிரஸ்ட் மனையிட்ட தாதர், மாட்டுங்கா பகுதிகளில் வீடுகள் இடம் விட்டுத்தான் எழுந்தன. ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. மாட்டுங்காவில் வசிக்கும் நான் இன்றும் அந்த இடைவெளியின் பலனை அனுபவிக்கிறேன். மில் தொழிலாளிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களுக்காக 1920இல் கவர்னர் லாயிட் காலத்தில் 50,000 அறைகள் என்று தொடங்கிய திட்டம், சுமார் 16,000 அறைகளோடு நின்றது. அதுதான் பி.டி.டி. சால். வாடகை கட்டுப்படியாகாமல் பல அறைகள் காலியாகவே கிடந்தன. 1930களில் வொர்லி சால்களைச் சத்தியாகிரகிகளுக்குச் சிறையாகவும் பயன்படுத்தினார்கள்.

இப்போது மும்பையின் கிழக்கே உள்ள கோவண்டிக்கு வாருங்கள். நட்வர் பாரேக் காம்பவுண்டில் குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்குக் கட்டிய ஏழெட்டு மாடிக் கட்டிடங்களுக்கு இடையே 3 மீட்டர் அளவுக்குத்தான் இடம். அந்த 63½ டிகிரி விதிப்படி குறைந்தது 10 மீட்டர் வேண்டும். கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிகிறது. அங்கே காசநோய் பரவுவதற்கும் காற்றும் வெளிச்சமும் இல்லாததற்கும் தொடர்பு இருப்பதாக 2018இல் ஓர் ஆய்வே வந்தது. பிளேக்குக்குப் பயந்து கற்றுக்கொண்ட பாடத்தை ஏழைகளின் வீடு என்று வரும்போது மட்டும் எப்படித் தளர்த்துகிறார்கள் என்று எனக்குக் கோபமே வருகிறது.

உயரமாகக் கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. இத்தனை பேருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் உயரம் கூடக்கூட இடைவெளியும் கூட வேண்டும். இனி இந்தத் திட்டங்களைப் பற்றி எழுதும்போது சதுர அடியோடு இடைவெளி எத்தனை மீட்டர், கீழ் மாடியில் எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்பதையும் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுங்கள். சாவி வாங்கப்போகிற குடும்பங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை